அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்

பட்டியலாக்கப் பணியில் இருக்கும் தமிழ் நூலகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பு நண்பர்களே, வணக்கம்.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. சென்னையில் இருக்கலாம், யாழ்ப்பாணத்தில் இருக்கலாம், கோலாலம்பூரிலோ லண்டனிலோ டொரொண்டோவிலோ இருக்கலாம். எங்கே இருந்தாலும் நமக்கு வேலை ஒன்றுதான். புத்தகம் மேசைக்கு வரும். தலைப்புப் பக்கத்தைத் திறப்போம். அதில் இருப்பதை இருக்கிறபடி எழுதிக்கொள்வோம். ஆசிரியர், தலைப்பு, பதிப்பாளர், ஆண்டு. வகை எண் கொடுத்து, முதுகில் சீட்டு ஒட்டிவிட்டால் அது தட்டுக்குப் போய்விடும். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் தேடி வருகிறவருக்கு நாம் எழுதிய நாலு வரிதான் வழி.

அந்த நாலு வரியில் ஒரு மனிதரை, சென் மெங்ஜியா என்ற சீன அறிஞரை, நான் விட்டுவிட்டேன். அதைச் சொல்லவும், உங்களிடம் ஓர் உதவி கேட்கவும்தான் இதை எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு, பல வருஷங்களுக்கு முன்னால், காலமான ஒரு சீன மொழி ஆசிரியரின் புத்தகங்களை அவருடைய பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பதினோரு அட்டைப்பெட்டிகள். ஒன்றில் கனமான ஒரு தொகுதி இருந்தது. 1962-இல் பெய்ஜிங்கில் அச்சானது. பக்கத்துக்குப் பக்கம் வெண்கலக் கலங்களின் படங்கள். மூன்று கால் வைத்த சமையல் கலங்கள், மூடி போட்ட மதுக் குடங்கள், மிருக முகம் பொறித்த கிண்ணங்கள். மொத்தம் 845. எல்லாம் ஷாங், சோவ் அரச மரபுகளின் காலத்தவை, பல மூவாயிரம் ஆண்டு பழமையானவை.

எனக்குச் சீன எழுத்து அரைகுறையாகத்தான் தெரியும். பக்கத்து மேசையில் இருக்கும் சீனப் பிரிவுச் சகோதரி தலைப்பைப் படித்துச் சொன்னார்: “அமெரிக்க ஏகாதிபத்தியம் கொள்ளையடித்த நம் நாட்டு யின், சோவ் காலத்து வெண்கலக் கலங்களின் தொகுப்பு.” யின் என்பது ஷாங்கின் இன்னொரு பெயர். ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் பெயர் இல்லை. சீன அறிவியல் கழகத்தின் தொல்லியல் நிறுவனம் என்று மட்டும் இருந்தது. நிறுவன ஆசிரியர் என்று, கணினிப் பட்டியலில் அதற்கென்று இருக்கும் 110 என்ற எண்ணிட்ட புலத்தில் போட்டேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. நல்லபடியாக முடித்த திருப்தியோடு அடுத்த பெட்டியைத் திறந்தேன்.

வருஷங்கள் கழித்து அதே படங்கள் வேறொரு புத்தகத்தில் என் மேசைக்குத் திரும்பி வந்தன. 1977-இல் ஜப்பானில் வந்த பதிப்பு. கோபமான தலைப்பு போய், ‘யின், சோவ் வெண்கலக் கலங்களின் வகைப்படுத்திய படத்தொகுப்பு’ என்று அமைதியாக இருந்தது. சீர்செய்து வெளியிட்டவர் மட்சுமாரு மிச்சியோ என்ற ஜப்பானிய அறிஞர். ஆசிரியர் இடத்தில் ஒரு பெயர் இருந்தது. சென் மெங்ஜியா.

“யார் இவர்?” என்று சகோதரியிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “கவிஞர். எலும்பு எழுத்துகளைப் படித்தவர். பாவம்” என்றார்.

அன்றைக்குத் தொடங்கி அவரைப் பற்றி எனக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். நான் சீன வரலாற்று அறிஞன் இல்லை. புத்தகத்துக்குப் பதிவு எழுதுகிறவன். அந்த அளவில் நின்றுதான் அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

சென் மெங்ஜியா 1911-இல் நாஞ்சிங் நகரில் பிறந்தார். தந்தை கிறித்துவப் போதகர். படித்தது சட்டம், மனம் போனது கவிதையில். இருபது வயதில், 1931-இல், முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. அதே ஆண்டில் ‘பிறைநிலா’ வட்டக் கவிஞர்களின் தொகைநூலுக்கும் அவர்தான் தொகுப்பாசிரியர். பிறைநிலா என்ற அந்தப் பெயர் தாகூரின் கவிதை நூலிலிருந்து எடுத்தது. 1924-இல் தாகூர் சீனாவுக்குப் போனபோது கூடவே இருந்து மொழிபெயர்த்த கவிஞர் சூ ஜிமோதான் அந்த வட்டத்தின் நடுநாயகம். சூ ஜிமோவும் இன்னொரு கவிஞரான வென் யீதுவோவும் சென் மெங்ஜியாவைத் தங்கள் பிள்ளை போல வளர்த்தார்கள்.

பிறகு கவிதையிலிருந்து பழைய எழுத்துகளுக்குத் திரும்பினார். யென்சிங் பல்கலைக்கழகத்தில் ரோங் கெங் என்ற பெரும் அறிஞரிடம் வெண்கல எழுத்துகளைப் பயின்றார். 1936-இல் ஜாவோ லுவோரூயைத் திருமணம் செய்துகொண்டார். அவரும் சாதாரணமானவர் இல்லை. டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையை 1937-இல் சீனத்துக்குக் கொண்டுவந்தவர். ஜப்பானோடு போர் வந்தது. இருவரும் தெற்கே குன்மிங் போனார்கள். 1944-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பழஞ்சீன எழுத்துகளைக் கற்பிக்க சென்னுக்கு அழைப்பு வந்தது.

அங்கேதான் அந்த 845 கலங்களின் கதை தொடங்குகிறது. அமெரிக்க அருங்காட்சியகங்களிலும் பணக்காரர் வீடுகளிலும் வணிகர் கடைகளிலும் சிதறிக் கிடந்த சீன வெண்கலங்களைத் தேடி மூன்று ஆண்டுகள் அலைந்தார். நேரில் போய்ப் பார்த்தார், அளந்தார், படம் சேர்த்தார், எழுத்து இருந்தால் மைப்படி (தாளில் மையால் ஒற்றி எடுத்த பிரதி) சேர்த்தார். யாரிடம் இருக்கிறது, எவ்வளவு உயரம், எந்தக் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதினார். யோசித்துப் பாருங்கள், நாம் செய்வதும் இதைத்தானே? அவர் செய்தது பட்டியலாக்கம். வெண்கலத்துக்குப் பட்டியல். என் நெஞ்சில் அவர் இவ்வளவு ஆழமாக இறங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அந்தக் கலங்களில் பொறித்திருப்பது என்ன தெரியுமா? சோவ் காலத்து வெண்கலங்கள் பலவற்றில் உள்பக்கத்தில் சில எழுத்துகள் இருக்கும். மிகச் சுருக்கமானவற்றில் இவ்வளவுதான்: இன்னார் இந்த அருங்கலத்தைச் செய்வித்தார். கொஞ்சம் நீளமானவற்றில் கடைசியில் ஒரு வேண்டுதலும் இருக்கும்: பிள்ளைகளின் பிள்ளைகளும் பேரர்களின் பேரர்களும் இதை என்றென்றும் போற்றிப் பயன்படுத்தட்டும். மூவாயிரம் ஆண்டுக்கு முன் ஒருவர் சோறு வைக்கிற பாத்திரத்தில் தன் பெயரை வார்த்து வைத்தார், நாம் இன்றைக்கும் படிக்கிறோம். அப்படிப் பெயர் பொறித்த கலங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவரின் பெயரை அவருடைய புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

1946-இல் சிகாகோவில் பக்கிங்ஹாம் சேகரிப்பின் வெண்கலங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வந்தது. அதில் சார்ல்ஸ் கெல்லியின் பெயரோடு சென் பெயரும் ஆசிரியராக இருக்கிறது. பதினாறு ஆண்டு கழித்துச் சொந்த ஊரில் வந்த பெரிய தொகுதியில் இல்லை. இந்த இரண்டு தலைப்புப் பக்கங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் எலும்புகளைப் பற்றி. அதுதான் அவருடைய பெரிய வேலை.

ஷாங் அரசர்கள் எதைச் செய்தாலும் முன்னோர்களைக் கேட்டுத்தான் செய்தார்கள். கேட்ட விதம் இப்படி: ஆமையின் அடி ஓட்டையோ மாட்டின் தோள் எலும்பையோ எடுத்துச் சுத்தம் செய்து, பின்பக்கத்தில் சின்னச் சின்னக் குழிகள் குடைவார்கள். குழியில் சூடு வைத்தால் முன்பக்கத்தில் விரிசல் விழும். நேராக ஒரு கோடு, அதிலிருந்து பக்கவாட்டில் ஒரு சின்னக் கிளை. சீனத்தில் ‘குறி கேட்டல்’ என்பதற்கான எழுத்தே அந்த விரிசலின் படம்தான். அரசன் விரிசலைப் பார்த்துப் பலன் சொல்வான். என்றைக்குக் கேட்டது, யார் கேட்டது, கேள்வி என்ன என்பதையெல்லாம் அதே எலும்பில் செதுக்கி வைப்பார்கள். சிலவற்றில் பிறகு நடந்தது என்ன என்பதும் இருக்கும்.

மழை கேட்ட எலும்பு ஒன்று ரொம்பப் பிரபலம். ‘இன்று மழை. மேற்கிலிருந்து வருமா மழை? கிழக்கிலிருந்து வருமா மழை? வடக்கிலிருந்து வருமா மழை? தெற்கிலிருந்து வருமா மழை?’ இவ்வளவுதான். மழைக்கு ஏங்கிய எந்த ஊர்க்காரருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

இன்னொன்று, வூ டிங் அரசனின் மனைவி ஃபூ ஹாவோவின் பிரசவத்தைப் பற்றியது. ‘ஜியாஷென் நாளில் விரிசல் கண்டு, சுவே கேட்டார்: ஃபூ ஹாவோவின் பிரசவம் நல்லபடியாக இருக்குமா?’ டிங் நாளில் பிறந்தால் நல்லது, கெங் நாளில் பிறந்தால் மிக நல்லது என்று அரசன் பலன் சொல்கிறான். முப்பத்தொரு நாள் போகிறது. ஜியாயின் நாளில் குழந்தை பிறக்கிறது. ‘நல்லதில்லை. பெண்.’ அந்தக் கடைசி இரண்டு சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு சுருங்குகிறது. எத்தனை வீட்டுத் திண்ணையில் கேட்ட குரல் அது. அந்த ஃபூ ஹாவோ படை நடத்திய ராணி. 1976-இல் அவர் கல்லறையைத் தோண்டிக் கண்டவர் ஜெங் ஜென்சியாங் என்ற பெண் தொல்லியலாளர் என்பது எனக்கு ஒரு ஆறுதல்.

இந்த எலும்பில் நான் உங்களைப் பார்க்கச் சொல்வது ‘சுவே’ என்ற சொல்லை. வெகுகாலம் அந்த இடத்தில் வரும் எழுத்துகள் என்னவென்று யாருக்கும் பிடிபடவில்லை. 1899-இல் எலும்புகள் அறிஞர் கண்ணில் பட்ட பிறகும், 1928-இல் ஷாங் தலைநகர் இருந்த ஆன்யாங்கில் முறையான அகழாய்வு தொடங்கிய பிறகும் புதிராகவே இருந்தது. டோங் சுவோபின் என்ற அறிஞர்தான் 1931-இல் கண்டுபிடித்தார்: அது ஆள் பெயர். குறி கேட்டவரின் பெயர். சுவே, பின், ஜெங் என்று எத்தனையோ பேர். ஒரே எலும்பில் சேர்ந்து வரும் பெயர்கள் ஒரே காலத்தவர்கள். அவர்கள் எந்த அரசனிடம் இருந்தார்கள் என்று தெரிந்தால் எலும்புக்குக் காலம் குறிக்கலாம். 1933-இல் டோங் எல்லா எலும்புகளையும் ஐந்து காலங்களாகப் பிரித்துக் காட்டினார்.

சென் அதற்கு அடுத்த படிக்குப் போனார். பெயர்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்துக் குழுக்களாகப் பிரித்தார். பின் என்பவரோடு சேர்ந்தவர்கள் ‘பின் குழு’. அப்படியே ஷி குழு, சி குழு, வூ குழு. டோங் தூக்கிப் பிற்காலத்தில் வைத்திருந்த சில எலும்புகளை, இல்லை, இவை வூ டிங் காலத்தவை என்று முன்னுக்குக் கொண்டுவந்தார். பின்னால் வந்த அகழாய்வுகள் அதை உறுதிப்படுத்தின. இன்றைக்கு உலகில் எங்கே எலும்பு எழுத்துகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தாலும் ‘பின் குழு’ என்ற சொல் அதில் இருக்கும். அந்தச் சொல்லைச் சென்தான் கொடுத்தார் என்பது நிறையப் பேருக்கு நினைவில் இருக்காது. இருந்தாலும் சொல் நடமாடிக்கொண்டிருக்கிறது.

இதையெல்லாம் அவர் ஒரே நூலில் அடக்கினார். 1956-இல் வந்தது. தலைப்பைத் தமிழில் ‘யின் தலைநகர இடிபாட்டுக் குறியெழுத்துகள்: ஒரு முழுநோக்கு’ என்று சொல்லலாம். இலக்கணம், நாட்காட்டி, வானம், ஊர்கள், அரசர் வரிசை, வழிபாடு, விவசாயம் என்று இருபது அத்தியாயங்கள். எலும்பு எழுத்துகளைப் படிக்க வருகிறவர்கள் இன்றைக்கும் அதைத் தாண்டிப் போக முடியாது.

அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்த பணத்தில் பெய்ஜிங்கின் பழைய சந்து ஒன்றில் முற்றம் வைத்த வீடு வாங்கினார். வீட்டுக்கு வைத்த பெயர் ‘ஒரு நூல் இல்லம்’. ஒரே நூலால் வந்த வீடு. அவருடைய பெயரில் இருக்கும் மெங், ஜியா என்ற இரண்டு எழுத்துகளுக்கும் பொருள் கனவு, வீடு என்பது. அந்த வீட்டில் மிங் காலத்து மர நாற்காலிகளையும் மேசைகளையும் சேர்த்து வைத்திருந்தார். செய்த தச்சர் யாரென்று தெரியாத சாமான்கள். அப்போது அவற்றைப் பழைய மரம் என்று ஒதுக்கியவர்கள்தான் அதிகம். இப்போது ஷாங்காய் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அந்த வீட்டில் நிம்மதியாக இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. 1957 வந்தது.

அரசு அப்போது சீன எழுத்துகளை எளிமையாக்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் அவற்றை அடியோடு விட்டுவிட்டு ரோமன் எழுத்துக்குப் போவதும் பேச்சில் இருந்தது. ‘மனம் திறந்து பேசுங்கள்’ என்று மேலிடமே சொன்ன நேரம். சென் பேசினார். எழுத்தில் கை வைப்பதைக் கொஞ்சம் நிதானமாகச் செய்யுங்கள் என்று நாளிதழில் எழுதினார். மூவாயிரம் ஆண்டாகத் தொடர்ந்து வரும் எழுத்தின் முதல் வடிவத்தோடு நாள் முழுக்க வாழ்ந்தவர் வேறு எப்படி எழுதியிருப்பார்? சில மாதங்களில் காற்று திரும்பியது. ‘வலதுசாரி’ என்று முத்திரை குத்தினார்கள். கூட்டம் போட்டுத் திட்டினார்கள். அதே ஆண்டு லீ ஷுவேச்சின் என்ற 24 வயது இளைஞர் அவருடைய பெரிய நூலைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். பிற்காலத்தில் சீனத்தின் தலைசிறந்த பழவரலாற்று அறிஞர்களில் ஒருவரானவர் அவர். 2019-இல் காலமானார். அன்று எழுதியதற்காக முதுமையில் வருந்தினார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தக் காலத்தில் 24 வயதில் நான் அங்கே இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

சென் மெங்ஜியாவை ஹெனான் மாநிலத்துக்கு வயல்வேலைக்கு அனுப்பினார்கள். கணவர் பட்ட பாட்டைப் பார்த்து மனைவிக்கு மனநிலை பாதிக்கப்பட்டது. திரும்பி வந்த பிறகும் அவருடைய பெயர் தீட்டுப்பட்ட பெயர். வேலை வாங்கலாம், பெயர் போடக்கூடாது. வெண்கலத் தொகுதியிலும் அதுதான் நடந்தது. அமெரிக்காவில் அவர் அலைந்து சேர்த்ததெல்லாம் நிறுவனத்தின் பெயரில், அவர் வைக்காத ஒரு தலைப்போடு 1962-இல் வெளிவந்தது.

இன்னொரு புத்தகமும் உண்டு. 1959-இல் கான்சு மாநிலத்தில் வூவெய் என்ற ஊருக்குப் பக்கத்தில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு பழமையான ஹான் அரச மரபின் காலத்துக் கல்லறை ஒன்றில் எழுத்துப் பட்டிகள் கிடைத்தன. அப்போது தாள் புழக்கத்துக்கு வரவில்லை. மரத்தையோ மூங்கிலையோ மெல்லிய பட்டிகளாகச் சீவி, ஒன்றுக்கு ஒரு வரியாக மேலிருந்து கீழே எழுதி, கயிற்றால் பாய் போலக் கோத்துச் சுருட்டி வைப்பார்கள். கிடைத்தவற்றில் 469 பட்டிகள் ‘யீலி’ என்ற சடங்கு நூலின் பகுதிகள். திருமணம், விருந்து, இழவு என்று எந்தச் சடங்கில் யார் எங்கே நிற்க வேண்டும், எப்படி வணங்க வேண்டும் என்று சொல்லும் நூல் அது. ஆனால் பட்டிகள் வரிசை குலைந்து, ஒடிந்து, எழுத்து மங்கிக் கிடந்தன.

அதைச் சரிசெய்ய ஆள் தேடியபோது, பெயர் போடக்கூடாத மனிதரைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. 1960 கோடையில் லான்சோ போனார். ஒடிந்த துண்டுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, வாசகத்தைத் தொடர்ந்து படித்து வரிசைப்படுத்தினார். பட்டியின் அடியில் எழுதியவரே எண் போட்டிருந்தது கை கொடுத்தது. நம் ஏட்டுச் சுவடிகளில் ஓரத்தில் ஏட்டெண் போடுவார்களே, அதே போல. மூன்று தனித்தனிப் பிரதிகள் அதில் கலந்திருப்பதைக் கண்டார். இரண்டு மரம், ஒன்று மூங்கில். பெரிய பிரதியின் பட்டிகள் ஏறத்தாழ 56 சென்டிமீட்டர் நீளம். ஹான் காலத்து அளவில் இரண்டு அடி நான்கு அங்குலம். மறைநூல்களை அந்த நீளத்தில் எழுத வேண்டும் என்று பழைய நூல்கள் சொல்லியிருந்ததற்குக் கண்முன்னே சான்று. வழக்கத்தில் இருக்கும் பாடத்தோடு சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் குறித்தார். 1964-இல் ‘வூவெய் ஹான் பட்டிகள்’ என்று நூல் வந்தது. தலைப்புப் பக்கத்தில் இரண்டு நிறுவனங்களின் பெயர்கள்.

மனசு கேட்காமல் ஒன்றை நினைத்துப் பார்க்கிறேன். பெயர் வராது என்று தெரியும். இருந்தும் அந்த 469 பட்டிகளில் ஒன்றையாவது அவர் அலட்சியமாகப் பார்த்ததாகத் தெரியவில்லை. அதோடு நிற்கவும் இல்லை. வடமேற்கு எல்லைக் காவல் கோட்டங்களின் ஜூயென் பட்டிகளை எடுத்துக்கொண்டு அடுத்த சில ஆண்டுகள் கட்டுரை மேல் கட்டுரையாக எழுதினார்.

1966 ஆகஸ்டில் பண்பாட்டுப் புரட்சி வீட்டு வாசலுக்கே வந்தது. அடித்தார்கள், அவமானப்படுத்தினார்கள். செப்டம்பர் 3-ஆம் தேதி அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயது 55.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

ஜாவோ லுவோரூய் அதற்குப் பிறகு முப்பத்தோரு ஆண்டுகள் வாழ்ந்தார். நோயோடும் இழப்போடும் உட்கார்ந்து வால்ட் விட்மனின் ‘புல்லின் இதழ்கள்’ முழுவதையும் சீனத்தில் மொழிபெயர்த்தார். 1991-இல் வெளிவந்தது. அந்த அம்மாவின் கையெழுத்தை ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

1978 இறுதியில் சென்னுக்கு முறையான அஞ்சலிக் கூட்டம் நடத்திக் களங்கத்தை நீக்கினார்கள். ஹான் பட்டிகளைப் பற்றிய கட்டுரைகள் 1980-இல் அவர் பெயரில் நூலாயின. மேற்கு சோவ் வெண்கலங்களின் காலவரிசையைப் பற்றி அவர் எழுதி முடிக்காமல் விட்டது 2004-இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. அந்த 845 கலங்களும், 2016-இல், ‘அமெரிக்காவில் உள்ள சீன வெண்கலக் கலங்கள்’ என்ற பொருளில் அமைந்த அவருடைய பழைய தலைப்போடு, அவர் பெயரோடு, சீனாவிலேயே திருத்திய பதிப்பாக வந்துவிட்டன.

பிறகு இந்த ஆள் எதற்கு மடல் எழுதுகிறார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

புதுப் பதிப்புகளில் பெயர் வந்துவிட்டது. பழைய பிரதிகள் நம் தட்டுகளில் இருக்கின்றன. அவை எங்கும் போகவில்லை. 1962 பதிப்பும் 1964 பதிப்பும் உலகம் முழுக்க நூலகங்களில் இருக்கின்றன. அவற்றுக்கு என்னைப் போல ஒருவர், தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, நிறுவனத்தின் பெயரை மட்டும் போட்டுப் பதிவு எழுதியிருப்பார். அடுத்த நூலகம் அந்தப் பதிவை இறக்கித் தனதாக்கிக்கொண்டிருக்கும். அதுதானே நம் வழக்கம்? ஒருவர் எழுதினால் நூறு பேர் நகலெடுப்போம். ஒரு மாணவர் தேடல் பெட்டியில் ‘சென் மெங்ஜியா’ என்று தட்டினால் அந்தப் புத்தகம் வராது. தட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், வராது. என் நூலகத்தில் அப்படித்தான் பல வருஷம் இருந்தது. அது என் கை எழுதிய பதிவு.

உங்களில் சிலர் உடனே மறுப்பீர்கள், அது நியாயமான மறுப்பும்கூட. தலைப்புப் பக்கம்தான் ஆதாரம். நம் சீர்காழிக்காரர், நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சொல்லிக் கொடுத்தது அது. தலைப்புப் பக்கத்தில் இல்லாததைப் பட்டியலாக்குநர் தன் இஷ்டத்துக்குப் போட ஆரம்பித்தால் பட்டியல் பட்டியலாக இருக்காது. நானும் அந்த நெறியில்தான் வளர்ந்தேன், இன்றைக்கும் அதை மதிக்கிறேன்.

அதனால்தான் தலைப்பைத் திருத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. ‘அமெரிக்க ஏகாதிபத்தியம் கொள்ளையடித்த’ என்று இருந்தால் அப்படியே இருக்கட்டும். நிறுவனத்தின் பெயரையும் எடுக்க வேண்டாம். அன்று அந்தப் பக்கத்தில் என்ன அச்சிட்டார்கள் என்பதும் வரலாறுதான். அதை அழித்தால் அவருக்கு நடந்த அநியாயத்தின் தடயத்தையும் சேர்த்து அழித்தவர்கள் ஆவோம்.

நான் கேட்பது கூடுதலாக இரண்டு வரி. 700-ஆம் புலத்தில் அவர் பெயருக்கு ஒரு கூடுதல் பதிவு. 500-ஆம் புலத்தில் ஒரு குறிப்பு: இந்நூலைத் தொகுத்தவர் சென் மெங்ஜியா, 1977, 2016 பதிப்புகள் அவர் பெயரில் வெளிவந்தன. ஊகம் எதுவும் இல்லை, அந்தப் பதிப்புகளே சான்று. வூவெய் பட்டிகளுக்கும் அப்படியே. முன்னுரையும் பாடமும் ஒப்பீட்டுக் குறிப்புகளும் சென் எழுதியவை என்பது துறையில் எல்லோரும் ஏற்றுக்கொண்டது. உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தால், எழுதிய அந்தக் கைக்கு என் வணக்கம்.

பெயர்க் கட்டுப்பாட்டுப் பதிவையும் ஒருமுறை பாருங்கள். பழைய ரோமன் முறையில் ஒருவிதமாகவும் இன்றைய ரோமன் முறையான பின்யினில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டு, ஒரே மனிதர் இரண்டு பேராகப் பிரிந்து கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். கவிஞர் ஒருவர், அறிஞர் ஒருவர் என்று. இரண்டும் ஒருவர்தான். சேர்த்துவிடுங்கள்.

சீனத் தொகுப்பே இல்லாத நூலகத்தில் இருக்கிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். ‘பதிப்புக் குழு’ என்றும் ‘நிறுவன வெளியீடு’ என்றும் மட்டும் போட்டு வந்த புத்தகங்கள் எல்லா மொழியிலும் உண்டு. முன்னுரையின் கடைசிப் பத்தியில், நன்றியுரையின் நடுவில், ஒரு பெயர் ஒதுங்கி நிற்கும். அதைப் பார்த்துவிட்டால், ஐந்து நிமிஷம் கூடச் செலவழித்து அந்தப் பெயருக்கு ஒரு பதிவு போடுங்கள். எலும்பு செதுக்கியவர்கள் சுவே என்ற பெயரை விடவில்லை.

2026 செப்டம்பர் 3 சென் மெங்ஜியாவின் 60-ஆவது நினைவு நாள். அதற்குள் உங்கள் நூலகத்தில் இந்த இரண்டு புத்தகங்களும் இருக்கின்றனவா என்று பார்த்துப் பதிவைச் சரிசெய்துவிட்டால் பெரிய உபகாரமாக இருக்கும். சீன எழுத்து தெரியாது என்று தயங்க வேண்டாம். எனக்கும் சரியாகத் தெரியாது. மூன்றே எழுத்து, ஒருமுறை பார்த்துக்கொண்டால் மறக்காது. வேண்டுமானால் எழுதுங்கள், நான் போட்ட பதிவை அப்படியே அனுப்பி வைக்கிறேன், நகலெடுத்துக்கொள்ளலாம்.

என் பதிவைத் திருத்திய அன்று, சீனப் பிரிவுச் சகோதரியைப் பக்கத்தில் உட்கார வைத்து, எழுத்துகளை அவரையே தட்டச் சொன்னேன். சென். மெங். ஜியா. சேமி என்பதை அழுத்திவிட்டு, தேடல் பெட்டியில் அந்தப் பெயரைப் போட்டுப் பார்த்தோம். வந்தது.

அன்புடன்,
உங்களில் ஒருவன்
சிங்கப்பூர்